எலும்பின் மேடு பள்ளங்களைப் படிப்பது எப்படி: முதலாண்டு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

முதல் எலும்புத் தேர்வில் என் கையில் முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னாவைக் கொடுத்து, "இதோட ஹெட் எங்கே, காட்டு" என்றார் தேர்வாளர். நான் தயங்காமல் முழங்கைப் பக்கத்துப் பெரிய முனையைக் காட்டினேன். ஹெட் என்றால் தலை, தலை மேலேதானே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அல்னாவின் ஹெட் கீழே, மணிக்கட்டுப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று வாரம் இரவு பகலாகப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்த எனக்கு முதல் கேள்வியே போய்விட்டது. பெயர்கள் எல்லாம் நினைவில் இருந்தன. எலும்பைத்தான் நான் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி என எதைப் படிக்க வந்திருந்தாலும் முதல் சில மாதங்களில் இந்தச் சொற்கள் உங்கள் மேல் வந்து விழும்: காண்டைல், எபிகாண்டைல், டியூபர்கிள், டியூபராசிட்டி, ட்ரோகான்டர், ஃபேசட், ஃபாஸா. எல்லாம் ஒன்றுபோலவே ஒலிக்கும். இவற்றை எந்த வரிசையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை நாளில் படித்தால் நிற்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் வீணாக்கிய மூன்று வாரத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் எலும்பு, ஒரு படத்தொகுப்பு, கோடு போடாத நோட்டு, பென்சில், இரண்டு நிறச் சாக்பீஸ். இவற்றோடு உங்கள் சொந்த உடம்பு. இவ்வளவே போதும்.

எலும்பு உண்மையானதா, பிளாஸ்டிக்கா என்று எல்லாரும் கேட்பார்கள். வடிவத்தையும் பக்கத்தையும் பழக பிளாஸ்டிக் போதும். ஆனால் வார்ப்பில் சொரசொரப்பும் வழவழப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இந்தப் பாடமோ அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஆகவே ஃபீமர் (தொடையெலும்பு), ஹியூமரஸ் (மேற்கை எலும்பு), இடுப்பெலும்பு இந்த மூன்றையாவது ஆய்வகத்தில் உண்மை எலும்பில் தொட்டுப் பாருங்கள். ஒரே எலும்பை நம்பியும் இருக்காதீர்கள். பலர் கைபட்ட எலும்புகளில் ஸ்டைலாய்டு என்ற கூர்முனை ஒடிந்திருக்கும், தோள்பட்டை எலும்பின் கோரகாய்டு என்ற நீட்சி தேய்ந்திருக்கும். என்னிடம் இருந்த ஃபிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு) மேல்முனை சிதைந்திருந்தது தெரியாமல், அதுதான் அதன் வடிவம் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று மாதிரிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

உண்மை எலும்பில் பேனாவால் எழுதாதீர்கள். சாக்பீஸால் குறித்து, முடிந்ததும் மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். அது ஒருவர் நடந்த கால், ஒருவர் பிள்ளையைத் தூக்கிய கை. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2. பெயர் சொல்லும் முன் எலும்பை நிமிர்த்திப் பிடியுங்கள்

எது மேல், எது முன், எது உள்பக்கம் என்று தெரியாமல் ஒரு பெயரையும் சொல்லாதீர்கள். உள்ளங்கை முன்னோக்கி இருக்க நேராக நிற்கும் உடம்பில் அந்த எலும்பு எப்படி இருக்குமோ அப்படிப் பிடிக்க வேண்டும். முக்கியமான மூன்றுக்கு அடையாளம் சொல்கிறேன்.

ஃபீமர்: பந்து போன்ற தலை மேலே, உள்நோக்கி. தண்டின் நீளமான சொரசொரத்த முகடு, அதாவது லீனியா ஆஸ்பரா, பின்னால்.

ஹியூமரஸ்: தலை மேலே, உள்நோக்கியும் சற்றுப் பின்னோக்கியும். கீழ்முனையில் ஆழமான ஒலெக்ரனான் குழி (முழங்கையின் பின்முனையான ஒலெக்ரனான் போய் அமரும் குழி) பின்னால்.

டிபியா (கீழ்க்காலின் பெரிய எலும்பு): அகன்ற முனை மேலே, டியூபராசிட்டி என்ற புடைப்பு முன்னால், கீழே நீண்டிருக்கும் மேலியோலஸ் என்ற கணுக்கால் முண்டு உள்பக்கம்.

எலும்பை உங்கள் உடம்பின் அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் வலமா இடமா என்பது தானே தெரிந்துவிடும். இதற்கு ஐந்து வினாடிதான் ஆகும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஐந்து வினாடியை விட்டதால்தான்.

3. கண்ணை மூடி இரண்டு கேள்வி கேளுங்கள்

முதல் கேள்வி: வழவழப்பா, சொரசொரப்பா? இரண்டாவது: மேடா, பள்ளமா?

வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் அங்கே இன்னோர் எலும்பு வந்து உரசுகிறது, அதாவது மூட்டுப்பரப்பு. உயிருள்ளபோது அதன்மேல் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். காய்ந்த எலும்பில் அது போய்விட்டாலும் அடியில் இருக்கும் பரப்பு மெருகேறியதுபோல் இருக்கும். சொரசொரப்பாக இருந்தால் தசையோ தசைநாரோ அதைப் பிடித்து இழுத்திருக்கிறது. பள்ளமோ துளையோ ஆனால் அங்கே எதுவோ தங்குகிறது, அல்லது அந்த வழியே நரம்போ ரத்தக்குழாயோ போகிறது.

ஹியூமரஸின் கீழ்முனையை எடுத்து இதைச் செய்து பாருங்கள். முன்பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன உருண்டை விரலில் படும். அது கேபிட்டுலம், முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸ் வந்து உட்காரும் இடம். அதை ஒட்டி உள்பக்கம், நடுவில் குழிந்து இரு ஓரமும் எழும்பிய கப்பி வடிவம் இருக்கும். அது ட்ராக்லியா, அல்னாவுக்கு உரியது. இப்போது கட்டைவிரலை முன்னாலிருந்து அடிவழியாகப் பின்னால் கொண்டுபோங்கள். கேபிட்டுலம் அடியோடு நின்றுவிடும், பின்பக்கம் ஏறாது. ட்ராக்லியாவோ பின்பக்கம்வரை வழவழவென்று தொடரும். அல்னா இந்தக் கப்பியைச் சுற்றி உருளுகிறது என்பதை அங்கேயே விரல் புரிந்துகொள்ளும். அப்படியே விரலை உள்பக்கமாக நகர்த்தினால் வழவழப்பு முடிந்து ஒரு கெட்டியான முண்டு துருத்தி நிற்கும். அதுதான் மீடியல் எபிகாண்டைல். மூட்டில் அதற்கு வேலை இல்லை, தசைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன.

இந்த ஒரு முனையில் பத்து நிமிடம் செலவழித்தேன். பட்டியலில் பத்து முறை எழுதியும் நிற்காதவை அன்று நின்றுவிட்டன.

4. சொற்களை வேலைவாரியாகப் பிரியுங்கள்

அகர வரிசையில் படிப்பது வீண். மூன்று குடும்பமாகப் பிரித்தால் சுமை பாதியாகும்.

மூட்டுக் குடும்பம்: ஹெட் என்பது பெரும்பாலும் கழுத்தோடு கூடிய உருண்டை முனை. காண்டைல் என்றால் கிரேக்கத்தில் விரல் முட்டி. கையை இறுக்க மூடிப் பாருங்கள், எழும்பி நிற்கும் முட்டிகள்தான் அதன் வடிவம். ட்ராக்லியா என்பது கப்பி. ஃபேசட் என்பது சிறிய, ஏறக்குறையத் தட்டையான பரப்பு. முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்வதும், விலா எலும்பு முதுகெலும்போடு சேர்வதும் இப்படிப்பட்ட ஃபேசட்டுகளால்தான்.

இழுவைக் குடும்பம்: டியூபர்கிள் சிறு புடைப்பு. டியூபராசிட்டி அகன்ற, சொரசொரத்த புடைப்பு. ட்ரோகான்டர் மிகப் பெரியது, மனித உடம்பில் ஃபீமரில் மட்டுமே உண்டு. கிரெஸ்ட் என்பது எழுந்து நிற்கும் முகடு, லைன் என்பது அதைவிடத் தாழ்ந்த வரம்பு. ஸ்பைன் கூர்மையான துருத்தல். எபிகாண்டைல் என்பது காண்டைலுக்கு மேலோ பக்கத்திலோ இருக்கும் முண்டு. 'எபி' என்றால் 'மேல்'. பிராசஸ் என்பது பொதுப்பெயர். எலும்பிலிருந்து நீண்டு வரும் எதையும் அப்படிச் சொல்லலாம்.

வழிக் குடும்பம்: ஃபொராமென் துளை, மீயேட்டஸ் குழாய்போன்ற வழி, க்ரூவ் அல்லது சல்கஸ் வாய்க்கால்போன்ற பள்ளம், நாட்ச் விளிம்பில் விழுந்த வெட்டு, ஃபாஸா அகன்ற குழி. இவற்றில் நாட்சும் ஃபாஸாவும் சில இடங்களில் மூட்டுக் குடும்பத்திலும் சேரும். அல்னாவின் ட்ராக்லியர் நாட்ச் முழுக்க மூட்டுப்பரப்புதான்.

உருவத்தால் வந்த பெயர்களை உருவத்தோடே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டைலாய்டு எழுத்தாணி போன்றது, கோரகாய்டு காக்கை அலகு போன்றது. மேலியோலஸ் சிறு சுத்தியல், இடுப்பெலும்பின் அசிட்டாபுலம் காடி வைக்கும் கிண்ணம். எழுத்தாணி என்று ஒருமுறை நினைத்துவிட்டால் ரேடியஸின் நுனியைப் பார்க்கும்போதெல்லாம் அதுவே நினைவுக்கு வரும்.

5. மூட்டுப்பரப்பைத் தனியாகப் படிக்காதீர்கள், ஜோடியாகப் படியுங்கள்

எந்த மூட்டுப்பரப்பும் தனியாக இல்லை. இரண்டு எலும்பையும் கையில் எடுத்துப் பொருத்திப் பாருங்கள். ஹியூமரஸின் தலையை, தோள்பட்டை எலும்பான ஸ்கேபுலாவின் க்ளீனாய்டு குழியில் வைத்தால் வழுக்கி விழும், குழி அவ்வளவு ஆழமில்லை. ஃபீமரின் தலை அசிட்டாபுலத்தில் உள்ளே இறங்கி நிற்கும். தோள் ஏன் எளிதில் நழுவுகிறது, இடுப்பு ஏன் அப்படி நழுவுவதில்லை என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். அசிட்டாபுலத்தை இன்னும் நெருங்கிப் பாருங்கள். கிண்ணம் முழுவதும் மூட்டுப்பரப்பு இல்லை. லாடம்போல் வளைந்த லூனேட் பரப்பு மட்டுமே வழவழப்பானது, நடுவில் இருப்பது சொரசொரத்த குழி.

இங்கே ஒரு விதி எனக்குப் பெரிதும் உதவியது: பள்ளம் பெரும்பாலும் தன்னிடம் வரும் விருந்தாளியின் பெயரைத் தாங்கும். ரேடியல் நாட்ச் இருப்பது அல்னாவில், ஏனென்றால் ரேடியஸின் தலை அங்கே வருகிறது. அல்னார் நாட்ச் ரேடியஸின் கீழ்முனையில், ஃபிபுலார் நாட்ச் டிபியாவில். ஹியூமரஸில் உள்ள ஒலெக்ரனான் குழி, கரோனாய்டு குழி, ரேடியல் குழி மூன்றும் இப்படித்தான். முழங்கையை நீட்டும்போது ஒலெக்ரனான் பின்குழிக்குள் போகும். மடக்கும்போது அல்னாவின் கரோனாய்டும் ரேடியஸின் தலையும் முன்குழிகளுக்குள் வரும்.

மேடுகளுக்கு இது பொருந்தாது. அவை சொந்த எலும்பின் பெயரையோ இழுக்கும் தசையின் பெயரையோ வைத்துக்கொள்ளும். ரேடியல் டியூபராசிட்டி ரேடியஸிலேயே இருக்கிறது, மேற்கையின் முன்தசையான பைசெப்ஸ் அங்கே பிடிக்கிறது. தோள்தசையான டெல்டாய்டு பிடிக்கும் டெல்டாய்டு டியூபராசிட்டி ஹியூமரஸில்.

விதிவிலக்கும் உண்டு. அதிகம் பேரை ஏமாற்றுவது ஹியூமரஸின் பின்பக்கத்து ரேடியல் க்ரூவ். அதற்கும் ரேடியஸுக்கும் தொடர்பில்லை. ரேடியல் நரம்பு போகும் வழி அது.

6. உங்கள் உடம்பிலேயே தேடுங்கள்

எலும்பு கையில் இல்லாத நேரத்துக்கு இது. பேருந்தில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம்.

முழங்கையை நீட்டிப் பின்னால் தொடுங்கள். நடுவில் ஒலெக்ரனான், இருபுறமும் எபிகாண்டைல்கள், மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். 90 டிகிரிக்கு மடக்கினால் அவை முக்கோணமாகும். மூட்டு நழுவியிருந்தால் இந்த ஒழுங்கு கலைந்துவிடும் என்பதால் நோயாளியைப் பார்க்கும் காலத்திலும் இது வேண்டும். மீடியல் எபிகாண்டைலுக்குப் பின்னால் மெதுவாக அழுத்தினால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடும். அங்கே போவது அல்னார் நரம்பு.

உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்போது மணிக்கட்டின் முதுகில், சுண்டுவிரல் பக்கம் துருத்தும் உருண்டைதான் என்னை ஏமாற்றிய அல்னாவின் ஹெட். ரேடியஸின் ஸ்டைலாய்டு, அல்னாவின் ஸ்டைலாய்டைவிடக் கீழே இறங்கியிருக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டு ஒப்பிடுங்கள். கடினமான நாற்காலியில் உட்காரும்போது குத்துவது இடுப்பெலும்பின் அடிப்பகுதியான இஸ்கியத்தின் டியூபராசிட்டி, அதாவது இஸ்கியல் டியூபராசிட்டி. முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள மேடு டிபியாவின் டியூபராசிட்டி. கணுக்காலில் வெளி மேலியோலஸ் உள் மேலியோலஸைவிடத் தாழ்ந்திருக்கும். காதுக்குப் பின்னால் மேஸ்டாய்டு. பிறந்த குழந்தைக்கு இந்த மேடு வளர்ந்திருப்பதில்லை, கழுத்துத் தசை இழுக்க இழுக்கத்தான் எழும்புகிறது. இழுவை எலும்பில் மேட்டை வளர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

7. விழக்கூடிய குழிகள்

அளவை நம்பாதீர்கள். டியூபர்கிள் சிறியது, டியூபராசிட்டி பெரியது என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஹியூமரஸின் பெரிய டியூபர்கிளைப் பாருங்கள், அதே எலும்பின் டெல்டாய்டு டியூபராசிட்டியைவிட நன்றாகவே எழும்பியிருக்கும். அளவு ஒரு துணைக்குறிப்பு மட்டும். பெயரை அந்தந்த எலும்போடு சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஃபேசட் என்றாலே மூட்டு என்று எழுதிவிடாதீர்கள். ஹியூமரஸின் பெரிய டியூபர்கிளில் மேலிருந்து கீழாக மூன்று ஃபேசட் இருக்கின்றன. வரிசையாக சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர் ஆகிய தசைகள் அவற்றில் பிடிக்கின்றன. தசைநார் பிடிக்கும் இடமும் சில நேரம் வழவழப்பாக இருக்கும். டிபியா டியூபராசிட்டியின் மேல்பாதியும் அப்படித்தான். ஆகவே 3ஆம் படியில் சொன்ன விதி கதவைத் திறக்கும். உள்ளே போனதும் எதிரே எந்த எலும்பு வருகிறது என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கரோனாய்டும் கோரகாய்டும் வேறு வேறு. கோரகாய்டு ஸ்கேபுலாவில் மட்டும். கரோனாய்டு பிராசஸ் அல்னாவிலும் கீழ்த்தாடையிலும் உண்டு. விடைத்தாளில் ஓரிரு எழுத்து மாறினால் எலும்பே மாறிவிடும்.

ஸ்டைலாய்டு பிராசஸ் என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. ரேடியஸ், அல்னா, மண்டையோட்டின் டெம்போரல் எலும்பு என்று பல இடங்களில் அது இருக்கிறது. ஸ்பைன் என்பதும் அப்படியே. ஸ்கேபுலாவில் அது குறுக்கே ஓடும் நீண்ட முகடு, இஸ்கியத்தில் கூர்முனை.

ஃபீமரின் இரண்டு ட்ரோகான்டர்களுக்கும் நடுவே முன்பக்கம் ஓடுவது லைன், பின்பக்கம் ஓடுவது கிரெஸ்ட். எலும்பைத் திருப்பிப் பார்க்காமல் எழுதுகிறவர்கள் இங்கே மாற்றி எழுதிவிடுவார்கள்.

ஹியூமரஸுக்கு இரண்டு கழுத்து. தலையை ஒட்டிய மெல்லிய பள்ளம் அனடாமிக்கல் நெக். டியூபர்கிள்களுக்குக் கீழே தண்டு ஒடுங்கும் இடம் சர்ஜிக்கல் நெக். அடிக்கடி முறிவது இரண்டாவதுதான், ஆக்ஸிலரி நரம்பு அதை ஒட்டிச் சுற்றிப் போகிறது. இந்த ஒரு எலும்பில் மூன்று நரம்புக்கு மூன்று இடம் என்று சேர்த்துப் படியுங்கள்: சர்ஜிக்கல் நெக்கில் ஆக்ஸிலரி, தண்டின் பின்னால் ரேடியல், மீடியல் எபிகாண்டைலுக்குப் பின்னால் அல்னார்.

8. எத்தனை நாள் ஆகும்

ஒரு நாளைக்கு 45 நிமிடம், எலும்பு கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்தால் விரலுக்கும் மனதுக்கும் சொரணை போய்விடுகிறது. எனக்குச் சரிப்பட்ட கணக்கு இது:

- சொற்குடும்பங்கள்: 2 நாள்
- ஃபீமர்: 2 நாள்
- ஹியூமரஸ்: 2 நாள்
- ரேடியஸும் அல்னாவும் சேர்த்தே: 2 நாள்
- டிபியா, ஃபிபுலா: 2 நாள்
- ஸ்கேபுலா: 1 நாள்
- இடுப்பெலும்பு: 3 நாள்
- முதுகெலும்பு, விலா: 3 நாள்
- கை, பாதச் சிற்றெலும்புகள்: 2 நாள்

ஆக 19 நாள். மண்டையோட்டை இதில் சேர்க்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு வாரமாவது வேண்டும், அதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். ஃபீமரில் தொடங்குங்கள். பெரியது, தெளிவானது, ஏறக்குறைய எல்லா வகை மேடும் அதில் இருக்கிறது. ரேடியஸையும் அல்னாவையும் தனித்தனியாகப் படித்துதான் நான் ஹெட்டில் ஏமாந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் தலை மேலும் மற்றதன் தலை கீழும் இருப்பது உடனே கண்ணில் படும்.

ஒவ்வொரு நாளும் புதியதை எடுக்கும் முன் முந்தைய நாள் எலும்புக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வாரக் கடைசியில் புத்தகம் பார்க்காமல் நோட்டில் வரைந்து பெயர் எழுதுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, மேடு சரியான பக்கத்தில் இருந்தால் போதும்.

9. தேர்வில் பதில் சொல்லும் முறை

எலும்பை வாங்கியதும் நிமிர்த்திப் பிடியுங்கள். பக்கம், எலும்பு, குறி, வேலை, இந்த வரிசையில் சொல்லுங்கள்: "இது வலது ஹியூமரஸ். இது மீடியல் எபிகாண்டைல். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகளுக்கு இது பொதுத் தொடக்கம். பின்னால் அல்னார் நரம்பு போகிறது." அடுத்த கேள்வி பெரும்பாலும் நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே வரும். ஆகவே நன்றாகத் தெரிந்ததில் முடியுங்கள்.

குறியைக் காட்டும்போது விரலைக் காற்றில் ஆட்டாமல் பென்சில் முனையால் எலும்பைத் தொட்டுக் காட்டுங்கள். காண்டைலுக்கும் எபிகாண்டைலுக்கும் இடையே அரை விரல் தூரம்தான்.

தேர்வுக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். எலும்புகளை ஒரு துணிப்பைக்குள் போட்டு, பார்க்காமல் கையை விட்டு, விரலில் படும் குறிக்குப் பெயர் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்து சரிபார்த்தால் இன்னும் நல்லது. பத்து வினாடியில் பெயர் வராத குறிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேர்வறைக்குப் போகும் வழியில் அந்தத் தாளை மட்டும் பாருங்கள்.